மருந்து கலக்காமல்

அத்தை வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் சோப்பும் இருக்கும். அவை அவனுக்காக வைக்கப்பட்டவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவற்றைத் தாண்டித் தாராளமாக உள்ளே போவார்கள். மருமகன் மட்டும் முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவி முடிக்கும் வரை அத்தை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நகத்துக்கு அடியில, மாப்பிள்ளை."

"போட்டுட்டேன் அத்தை."

"இன்னொரு தடவை போட்டா கை தேஞ்சிடாது."

அவன் இன்னொரு தடவை போடுவான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் கிருமிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்குக் கை கழுவச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வாயைத் திறக்க மாட்டான். மனைவி போன பிறகு குழந்தை அத்தையிடம்தான் வளர்கிறது.

தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மகள் தத்தித் தத்தி வாசலுக்கு வந்துவிடுவாள். அவளுக்கு இன்னும் 'அப்பா' என்ற சொல் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டுவாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் அப்பா.

கழுவினாலும் தூக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து பேசலாம். முகத்தைக் கோணலாக்கிச் சிரிக்க வைக்கலாம். அவ்வளவுதான். அவள் அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற வந்தால் அத்தை பின்னாலிருந்து அள்ளிக்கொள்வாள்.

"எனக்குக் கோபம் எல்லாம் இல்ல மாப்பிள்ளை. பித்தப்பையில கல்லுன்னாங்க. சின்ன ஆபரேஷன்னு சொன்னாங்க. போற அன்னைக்கு என் பொண்ணு லிப்ஸ்டிக் போட்டுட்டுப் போனா. அந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சு? ஆஸ்பத்திரியிலேருந்தா, உங்க கையிலேருந்தா? அதை மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே புள்ளையைத் தூக்கிட்டுப் போங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"தெரியல அத்தை."

"அதுலயே படிச்சு, அதுலயே வேலை பாக்குறீங்க. உங்களுக்கே தெரியலன்னா நான் யாரைப் போய்க் கேக்க?"

அத்தை வாயால் கேட்டதை அவன் பஸ்ஸிலும் குளியலறையிலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மனைவி இருந்தபோது வீட்டில் அவனுக்குப் 'பூச்சி' என்று பெயர். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க பூச்சி. இன்னைக்கு எத்தனை கோடி பேரோட குடும்பம் நடத்திட்டு வந்தீங்க?"

"எல்லாம் நல்ல பசங்க. உன்னை ரொம்ப விசாரிச்சாங்க."

"என் பக்கம் வர வேணாம்னு சொல்லி வைங்க. ஒரு பூச்சியோடயே என்னால மாரடிக்க முடியல."

அப்போது அது வேடிக்கைப் பேச்சு. அவன் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. தெரிந்த இடம், தெரிந்த டாக்டர்கள் என்று அவன்தான் அங்கே சேர்த்தான். எழுந்து நடந்தாள். கஞ்சி குடித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காய்ச்சல் வந்தது.

அவள் இரத்தம் அவனுடைய பரிசோதனைக்கூடத்துக்கே வந்தது. அதிலிருந்த கிருமியைப் பிரித்தெடுத்து, சத்துக்கூழ் உறைந்த ஒரு பிளேட் முழுக்கத் தடவி, மேலே மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்தார்கள். மருந்து பலித்தால் மறுநாள் அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டமாக வெறிச்சோடிக் கிடக்கும். அவளுடைய பிளேட்டில் எந்த வில்லைக்கும் வட்டம் இல்லை. விளிம்பை உரசிக்கொண்டு முளைத்திருந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான்.

வேறு வழி இல்லாமல், இருப்பதிலேயே பலமான மருந்தை ஏற்றினார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவன் கட்டில் ஓரம் நின்று பார்த்தான்.

"இது நல்ல மருந்தா?" என்று கேட்டாள்.

"நல்ல மருந்து."

"உங்க பசங்களை அடக்கிடுமா?"

"அடக்கிடும்."

அடக்கவில்லை.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவளுடைய கிருமி வழக்கப்படி ஒரு சின்னக் குப்பியில் ஃப்ரீசருக்குப் போய்விட்டிருந்தது. பிளேட் இன்னும் வீசப்படாமல் இருந்தது. அவன் கம்பி வளையத்தால் அதிலிருந்து ஒரு துளி தொட்டு, ஒரு கண்ணாடி டியூபில் உறைந்திருந்த சத்துக்கூழின் மேல் கோடிழுத்தான். முளைத்ததும் ஃப்ரிட்ஜில், பின் வரிசையில், பெயர் எழுதாமல் வைத்தான். சில வாரங்களில் கூழ் காயும். காய்வதற்குள் புது டியூபுக்கு மாற்றி, பழையதை அவித்துக் கொட்டுவான். ஒரு செடியைத் தொட்டி மாற்றுவது மாதிரிதான் அந்த வேலை.

ஏன் செய்தான் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பான். அவள் உடம்பிலிருந்து வந்து இன்னும் உயிரோடு இருந்தவை இரண்டு. மகளைத் தொட விடவில்லை. இதைத் தொட யாரும் தடுக்கவில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கூழில் அந்த மருந்தையே கொஞ்சம் கலக்க வேண்டும். அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவனே சொல்லிக்கொடுத்த பாடம். முதல் நாள் மருந்துக் குப்பியைக் கையில் எடுக்கவும் செய்தான். அவள் கட்டிலுக்கு மேல் தொங்கிய அதே பெயர் அதில் இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டான். அதன் பிறகு எந்தத் தடவையும் கலக்கவில்லை.

ஒரு நீண்ட விடுமுறையில் ஃப்ரீசர் மூச்சை நிறுத்தியது. எச்சரிக்கை மணி அடித்ததா, அடித்துக் கேட்க ஆள் இல்லையா, தெரியவில்லை. திறந்தபோது தண்ணீர் காலை நனைத்தது. குப்பிகளின் லேபிள்கள் கழன்று பெட்டிகளின் அடியில் கூழாகக் கிடந்தன. எது யாருடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அவித்துக் கொட்டச் சொன்னார் மேடம். அவர்தான் துறைக்குத் தலைவி.

அவித்தது அவனும் கூட வேலை பார்க்கும் தாடியும். முகக்கவசம் பொருந்தவில்லை என்று மேடம் அதட்டியதில் தாடி தாடியை மழித்து வெகுநாள் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வெச்சதை இப்படி வேக வைக்கிறோமேடா. விருந்துக்கு யாரைக் கூப்பிடலாம்?" என்றான் தாடி.

"ஃப்ரீசர் ரிப்பேர் பண்ண வராதவனைக் கூப்பிடு."

அவன் வாயிலிருந்து கேலிப் பேச்சு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. தாடி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அன்று வருத்தமே இல்லை. அவளுடையது பத்திரமாகத் தனியாக இருந்தது. அவிக்கிற ஆட்டோகிளேவின் கதவை இறுக்கிப் பொத்தானை அமுக்கியது அவன்தான்.

பிறகு அதே வார்டில் இன்னொருவருக்கு அதே மாதிரிக் காய்ச்சல் வந்தது. அவர் இரத்தத்தில் ஒப்பிடுவதற்குக் கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் இந்த முறை மேடம் விடவில்லை. கட்டில், திரைச்சீலை, மருந்து வண்டி என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். மூலையில் இருந்த வாஷ்பேசினின் அடிக்குழாயைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த வழவழப்பைச் சுரண்டினார்கள். அதில் கிருமி ஒன்று அகப்பட்டது.

மேடம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே வழக்கம் இல்லை.

"பேசின்ல இருக்கறது வேற இனம். சாக்கடையில வாழற சாதுப் பய. ஆனா அதுகிட்ட வளையம் இருக்குப்பா."

வளையம் என்றால் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். கிருமிக்கு அதன் சொந்த மரபுச் சரடு ஒன்று உண்டு. அதற்கு வெளியே, ஒட்டாமல், வட்டமாக இன்னொரு துண்டும் சிலவற்றிடம் இருக்கும். பிளாஸ்மிட் என்பது புத்தகப் பெயர். மருந்தை நொறுக்கிப்போடும் வித்தையெல்லாம் பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியை ஒட்டி உட்கார்ந்து, தன் வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். இனம் பார்க்காது, பழக்கம் பார்க்காது. நேற்று வரை எந்த மருந்துக்கும் சுருண்டு விழுந்த பிராணி இன்றைக்கு எதற்கும் அசையாது.

"உன் மனைவி இரத்தத்துல இருந்தது அவங்க குடல்லயே எப்பவும் இருந்த கிருமிதான்னு நெனைக்கிறேன்," என்றார் மேடம். "அது பாட்டுக்கு இருந்திருக்கு. வளையம் மட்டும் வெளியிலேருந்து வந்திருக்கணும். அவங்க வளையத்தையும் பேசின் வளையத்தையும் எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்."

"ஒண்ணா இருந்தா?"

"இந்த வார்டுலேருந்துதான் வந்திருக்கு. சந்தேகமே வேணாம். நிர்வாகமும் பேசினை உடைச்சுத்தான் ஆகணும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா தெரியாதுப்பா. வேற எங்கேயோ."

அவன் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தான். வேறெங்கேயோ என்பதற்கு அவனுக்கு ஒரே விலாசம்தான் தெரியும்.

"ஆனா பேசி என்ன ஆகப்போகுது," என்று மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க கிருமிக் கல்ச்சரும் ஃப்ரீசரோட போயிடுச்சு."

"என்கிட்ட இருக்கு மேடம்."

"என்ன இருக்கு?"

"அவளோடது. டியூப்ல வெச்சிருக்கேன்."

மேடம் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போய் எடுத்துட்டு வாப்பா," என்றார்.

அவன் எழுந்தான். மாதக்கணக்கில் இப்படி வேகமாக நடந்ததில்லை. நேராக அத்தை வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. வாளியைத் தாண்டிப் போவான். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். அத்தை ஏன் என்று கேட்க மாட்டாள்.

ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் உறைத்தது. அவன் கதவைத் திறக்காமல் நின்றான்.

வளையத்தைச் சுமப்பது கிருமிக்குச் செலவு. பிரிந்து பெருகும்போதெல்லாம் அதையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். மருந்து இருக்கும் இடத்தில் அந்தச் செலவு உயிரைக் காக்கும். மருந்தே இல்லாத இடத்தில் அது வெட்டிச் சுமை. வளையம் கிடைக்காமல் பிறந்தவை லகுவாகப் பெருகி முந்திக்கொள்ளும். டியூப் மாற்ற மாற்ற, வளையம் உள்ளவை சிறுத்துச் சிறுத்து ஒரு நாள் இல்லாமலே போகும். மருந்து கலக்கச் சொல்வது அதற்காகத்தான்.

"எல்லாத்துலயும் அப்படி ஆகறதில்லடா," என்றான் தாடி. இருவரும் சேர்ந்துதான் பிளேட் போட்டார்கள். "சில வளையம் அட்டை மாதிரி, உதறினாலும் போகாது. போட்டுப் பாப்போம்."

மறுநாள் காலை தாடி முதலில் வந்து, கிருமி முளைக்க வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்திருந்தான். அவன் உள்ளே நுழைந்தபோது பிளேட் மேசையில் இருந்தது. தாடி ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் ஒரு வட்டம். அகலமான, சுத்தமான வட்டம். அவள் கட்டிலுக்கு மேல் தொங்கிய மருந்தின் வில்லையைச் சுற்றி இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது.

மேடம் வந்து பார்த்தார்.

"மருந்து கலந்துதானே வெச்சிருந்தே?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவை கூடவா?"

"கலக்கல."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது. மேடம் பிளேட்டை மெதுவாக மூடினார்.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. கோடிக்கணக்கில் இருப்பவற்றில் ஏதோ ஒன்றாவது பழைய வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். மருந்து கலந்த கூழில் அது மட்டும்தான் முளைக்கும். அடுக்கடுக்காகப் பிளேட்டுகளில் அந்த மருந்தைக் கலந்து ஊற்றினான். இப்போது குப்பியை எடுக்கக் கை கூசவில்லை. டியூபில் இருந்ததில் பாதியைக் கரைத்து எல்லாவற்றிலும் பரப்பினான். இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். கதவு உடம்புச் சூட்டில் இருந்தது.

"முளைச்சிடு," என்றான்.

"யார்கிட்டடா பேசற?" என்றான் தாடி.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் மருந்து பலிக்க வேண்டும் என்றுதான் பிளேட்டைத் திறந்திருக்கிறான். யாரென்றே தெரியாதவர்களுக்குக்கூட அதைத்தான் வேண்டியிருக்கிறான். பலிக்கக் கூடாது என்று கெஞ்சுவது இதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கூழ் கண்ணாடி மாதிரி இருந்தது. பிளேட்டின் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது, தாடியின் முகம் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து அதன் வேலையைச் செய்திருந்தது.

பாதி டியூப் மிச்சம் இருந்தது. அதில் இருந்தது அவளைக் கொன்ற கிருமி இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் அவள் வயிற்றில் எப்படி இருந்ததோ, அப்படியே. அவனோடு சண்டை போட்டபோதும், லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிளம்பியபோதும் அது அவளுக்குள் சும்மா இருந்தது. அவித்துக் கொட்டுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பழைய இடத்திலேயே வைத்தான். வேறு எங்கே வைப்பது?

ஒப்பிட எதுவும் இல்லாததால் பேசினை உடைக்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. பிளீச்சிங் ஊற்றிக் கழுவினார்கள். மேடம் இரண்டு தடவை மாடிக்குப் போய் வாதாடிவிட்டுச் சிவந்த முகத்தோடு திரும்பினார். அவன் ஒரு நாள் அந்த வார்டைக் கடந்தபோது, யாரோ ஒரு நோயாளியின் புருஷன் அந்தக் குழாயில் ஆரஞ்சுப் பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். இவன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது? நிரூபிக்க முடியாத ஒன்றை. "இதுல கழுவாதீங்க," என்று மட்டும் சொன்னான். அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுத்தமாத்தானே சார் இருக்கு," என்றான்.

சனிக்கிழமை தாடி அவனோடு பஸ் நிறுத்தம் வரை வந்தான்.

"இங்க பாருடா. நாளைக்குப் போற. ஆஸ்பத்திரிதான்னு சொல்லு. குழந்தையைத் தூக்கிட்டு வா. எந்த அத்தை இங்க வந்து பிளேட்டைத் திறந்து பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

"நீ பாத்ததுல உன் கைன்னு எழுதியிருந்துச்சா?"

"இல்லன்னும் எழுதல."

பஸ் வந்ததும் தாடி முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவன் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். ஆஸ்பத்திரிதான் அத்தை. சோதிச்சுப் பாத்துட்டோம். ஒன்றும் பெரிய வாக்கியம் இல்லை. மூச்சு முட்டாமல் சொல்லிவிடலாம்.

வாசலில் வாளி இருந்தது. சட்டைக் கையை மடித்தான். முழங்கை வரை நனைத்தான். சோப்புப் போட்டான். தண்ணீர்ச் சத்தம் கேட்டு மகள் வந்து அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்தாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா, மாப்பிள்ளை?" அத்தை கதவில் சாய்ந்திருந்தாள்.

"இல்ல அத்தை. இனிமே தெரியவும் தெரியாது."

"ஏன்?"

"சோதிக்க அவ கிருமியைக் கொஞ்சம் வெச்சிருந்தேன். அது கெட்டுப்போச்சு."

"யாரு கெடுத்தா?"

"நான்தான்."

அவன் கையில் நுரை வழிந்தது.

"வளக்கும்போது மருந்து கலந்து வளக்கணும். கலந்தா அப்படியே இருந்திருக்கும். நான் கலக்கல."

"தெரியாமலா?"

"தெரியும். மனசு வரல."

"என்ன மருந்து?"

"அவளுக்குக் கடைசியா ஏத்தினது."

அத்தை மெல்லச் சறுக்கி வாசற்படியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கைகளைத் தேய்த்துக் காட்டினாள். இந்தத் தடவை இன்னும் பலமாக.

"அந்த மருந்து நல்ல மருந்துன்னு எங்கிட்டயும் சொன்னா," என்றாள் அத்தை. "நீங்க சொன்னதா சொன்னா."

அவன் தலை குனிந்துகொண்டான்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, வாளிக்கு மேலாக அவன் பக்கம் நீட்டினாள்.

"புடிங்க. எனக்கும் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. எங்கேருந்து வந்தா என்ன, போனவ போனவதான். புடிங்க மாப்பிள்ளை."

குழந்தையின் கால்கள் காற்றில் உதைத்தன. சிரித்தாள். கீழ்ப்பல் இரண்டும் தெரிந்தன. அவன் மேல் பாய்வதற்கு உடம்பை முன்னால் தள்ளினாள்.

அவன் கைகள் முன்னால் வரவில்லை. விரல் நுனிகளிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குறீங்க? கழுவிட்டீங்கல்ல?"

"இருங்க அத்தை," என்றான். குனிந்து குவளையை எடுத்து, தண்ணீர் மொண்டு ஊற்றினான். சோப்பைத் திரும்ப எடுத்தான். விரல் இடுக்கில் போட்டான். நகத்துக்கு அடியில் போட்டான்.

அத்தை குழந்தையை நீட்டியபடியே நின்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றான் அவன். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தான்.